மண்ணுக்கும் மூச்சு உண்டு

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களை நாம் மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். முதல் வகையார் தண்ணீர்ப் பிரியர்கள். செடி வாடினாலும் தண்ணீர், இலை பழுத்தாலும் தண்ணீர், பூச்சி விழுந்தாலும் தண்ணீர் என்று சகல வியாதிகளுக்கும் ஒரே மருந்தைக் கையாளும் வைத்தியர்கள். இரண்டாம் வகையார் எருப் பிரியர்கள். சாணி, சாம்பல், பிண்ணாக்கு, கடையில் விற்கும் உப்பு என்று எது அகப்பட்டாலும் அதைச் செடியின் தலைமாட்டில் கொண்டுவந்து கொட்டினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். மூன்றாம் வகையார், செடியை நட்டுவிட்டுப் பாரத்தைச் சுவாமியின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள்.

இந்த மூவரில் யாரையேனும் அணுகி, "உங்கள் மண்ணுக்குள் காற்றுப் போகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் புத்தி சுவாதீனத்தைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். நமது நண்பர் ஒருவர், "திருத்தணிகை மலையிலிருந்து ராப்பகலாய் அடிக்கிற காற்று போதாதா, வாத்தியாரே? மண்ணுக்குள் வேறு காற்று வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும் வரையில் நாமும் காத்திருந்தோம். பிறகு அவருக்குச் சொன்னதையே இங்கே வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

நல்ல தோட்டத்து மண்ணை ஒரு படி அளந்து எடுத்தால், அதில் கெட்டியான மண் என்பது ஏறக்குறைய அரைப் படிதான். மற்ற அரைப் படியும் வெற்றிடம். மணலுக்கும் களிக்கும் நடுவேயுள்ள சந்துகள், புழுக்கள் போன வழிகள், மக்கிப்போன பழைய வேர்கள் விட்டுச்சென்ற துளைகள் ஆகிய இவைதான் அந்த அரைப் படி. அந்த இடத்தைத் தண்ணீரும் காற்றும் பங்கிட்டுக்கொண்டு குடியிருக்கின்றன. வேருக்கு இந்தப் பங்காளிகள் இருவருமே வேண்டும். இலை வெயிலில் செய்கிற வேலையைப் பாடப் புத்தகத்தில் நெட்டுருச் செய்தவர்கள்கூட, வேரானது இரவும் பகலும் நம்மைப் போலவே பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மண்ணிலுள்ள சந்துகள் அடைபட்டால் கெட்ட வாயு வெளியே போக வழியில்லை. நல்ல வாயு உள்ளே வர வழியில்லை. சந்துகளில் தண்ணீர் நிறைந்து நின்றுவிட்டாலோ, விபரீதம் இன்னும் அதிகம். காற்றின் ஊடே பிராணவாயு பரவுகிற வேகத்தில் 10,000இல் ஒரு பங்கு வேகத்தில்தான் அது தண்ணீரின் ஊடே பரவும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆகையால் தண்ணீரில் நிற்கிற செடியும், தாகத்தில் தவிக்கிற செடியைப் போலவே தலை தொங்கி, இலை பழுத்து நிற்கும். அதைப் பார்த்த தண்ணீர்ப் பிரியர் என்ன செய்வார்? ஓடிப்போய் இன்னும் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றுவார்!

இனி நமது ஊர்ச் சமாசாரத்துக்கு வருவோம். திருத்தணியைச் சுற்றிலும் உள்ள நிலத்தில் பெரும்பகுதி செம்மண். 1960ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி இந்த ஊர் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து நமது ராஜ்யத்தோடு சேர்ந்தது. அன்று எல்லைக் கோடு மாறியதே தவிர மண் மாறவில்லை. கோட்டுக்கு இப்புறத்திலும் அப்புறத்திலும் அதே செம்மண்தான். அதைக் கொத்துகிறவர்களின் பேச்சிலும் இரண்டு பாஷைகள் கலந்துதான் இருக்கும். இந்த மண்ணிடத்தில் ஒரு குணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை கொட்டும்போது, துளிகள் விழுகிற வேகத்தில் மேல்மண்ணின் பொருக்குகள் உடைந்துபோகின்றன. உடைந்த நுண்ணிய களி சந்துகளில் புகுந்து அடைத்துக்கொள்ளுகிறது. மழை விட்டு நாலு நாள் வெயில் காய்ந்ததும், மண்ணிலுள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து அது மேலே ஒரு தகடாக இறுகிவிடுகிறது. விரலால் தட்டினால் ஓடு போல் சத்தம் கேட்கும். பிறகு பெய்கிற மழை உள்ளே இறங்காமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடும்.

மழை செய்த பாதி வேலையை மனிதனுடைய கால் பூர்த்தி செய்கிறது. ஆடிக் கிருத்திகையன்று இந்த ஊருக்கு வந்திருப்பவர்களுக்குக் கால்களின் சக்தியைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. புஷ்பக் காவடி எடுத்துக்கொண்டு வரும் ஜனத்திரள் கடந்துபோன வெற்று மனையில் மறுநாள் கடப்பாறையை ஓங்கிப் போட்டால், அது திருப்பித் துள்ளும். அவ்வளவு பெரிய கூட்டங்கூட வேண்டாம். வயல் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஏன் புல் முளைப்பதில்லை? ஒருவர் பின் ஒருவராக நடந்த சில பேர்தான் அந்த இடத்தில் மண்ணின் மூச்சை நிறுத்திவிட்டார்கள்.

நமது வீட்டுக் கொல்லையில் ஒன்பது குண்டுமல்லிச் செடிகள் உண்டு. அவை நமது தாயாரின் சொத்து. மாதாமாதம் கிருத்திகையன்று, கொல்லையில் பூத்ததைத் தம் கையாலேயே கட்டி மலைக்குக் கொண்டுபோவது அவருடைய வழக்கம். முன்னெல்லாம் 365 படிகளையும் ஏறிப் போவார். இப்போது முழங்கால் இடம் கொடாமையால் மலைப் பாதையில் வண்டியில் போகிறார். ஆனால் சரம் மட்டும் நின்றதில்லை. சென்ற கார்த்திகை மாதத்து மழையில் மேற்கு ஓரத்துச் செடிகள் நாலும் இலை பழுத்து உதிர ஆரம்பித்தன. அதே வாரத்தில் நமது தாயார் கொல்லைச் சேற்றில் கால் வழுக்கி விழுந்தார். நல்ல வேளையாக எலும்புக்குச் சேதமில்லை. பத்து நாள் படுக்கையோடு போயிற்று.

பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் நமது தமையனார் விஷயம் தெரிந்து ஓடி வந்தார். வந்தவர் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வயசில் அம்மாவுக்கு இந்தச் சேறு ஆகாது. சுவருக்குச் சுவர் சிமெண்டுத் தளம் போட்டுவிடுவோம். ஓரத்தில் நாலு தொட்டி வைத்தால் பூ ஆயிற்று. செலவு என்னுடையது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று சொல்ல நம்மால் முடியவில்லை. தாயாரின் கால் பெரிதா, மல்லிகைச் செடியின் வேர் பெரிதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? தாயாரோ கட்டிலில் படுத்தபடி, "தொட்டிப் பூவைச் சுவாமி வேண்டாமென்றா சொல்லப் போகிறார்? உங்கள் இஷ்டம்" என்றார். அப்படிச் சொன்னபோது அவருடைய முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன், அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தோட்ட வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்துச் செடிகளைக் காட்டினோம். அவர் இலையைத் தொடவில்லை, பூச்சி தேடவில்லை. கையிலிருந்த மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து, கிழக்கு ஓரத்தில் ஒரு செடியின் பக்கத்தில் ஊன்றினார். அது ஒரு முழம் இறங்கிற்று. மேற்கு ஓரத்தில் ஊன்றினார். நாலு விரற்கடை இறங்கி, 'டக்'கென்று நின்றுவிட்டது. "வீடு கட்டுகிறபோது செங்கல் லாரி இங்கேதானே ஐயா நின்றது?" என்று கேட்டார். அவர் கேட்டது மெய்தான். பதினான்கு வருஷத்துக்கு முன் நின்ற லாரியின் பாரம் மண்ணுக்குள் இன்னும் குடியிருந்தது! போதாததற்கு, பின்வாசலிலிருந்து துவைக்கும் கல்லுக்குப் போகிற தடமும் அந்த வழியாகவே அமைந்துவிட்டது.

பட்டுப்போகும் தறுவாயிலிருந்த ஒரு செடியின் அருகில் அவர் பள்ளம் பறித்துக் காட்டினார். புளித்த சேற்று வாடை வீசிற்று. வேர்கள் கீழே இறங்க முடியாமல், தகட்டின் மேலே பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தன. நுனிகள் கருத்துச் சொதசொதவென்று இருந்தன. "நேலகு ஊபிரி காவாலி" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார் பெரியவர். மண்ணுக்கு மூச்சு வேண்டும் என்பது அந்தத் தெலுங்கு வாக்கியத்தின் பொருள். பிறகு நம்மைப் பார்த்து, "இப்போது தொடாதீர்கள் ஐயா. மார்கழி பிறந்து ஈரம் இறங்கட்டும். அப்புறம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மார்கழி என்று தவணை சொன்னதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மழை ஈரத்தோடு களிமண் கலந்த நிலத்தைக் கொத்தினால், மண்வெட்டியின் வாய் பட்ட இடமெல்லாம் மெழுகினாற்போல் வழவழவென்று ஆகி, சந்துகள் முன்னிலும் மோசமாக அடைபட்டுப் போகும். மாசி கடந்து கோடை வந்துவிட்டாலோ மண் கல்லாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவேயுள்ள பனிக்காலந்தான் பதமான காலம். பதம் வந்ததா என்று அறிய யந்திரம் வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். உருண்டையாகாமல் உதிர்ந்தால் காலம் தாண்டிவிட்டது. உருண்டையை அழுத்தும்போது விரலில் பிசுபிசுத்து ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். உருண்டையாகி, பெருவிரலால் அழுத்தியதும் பொலபொலவென்று உதிருமானால் அதுதான் பதம்.

குளிர் தேசங்களில் இந்த வேலையை உறைபனியே பெரும்பாலும் செய்துவிடுகிறது. அங்கே தோட்டக்காரர்கள் இலையுதிர் காலத்தில் மண்ணைப் பெருங் கட்டிகளாகப் பெயர்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய் நெருப்பருகே உட்கார்ந்துகொள்வார்கள். கட்டிகளுக்குள் இருக்கும் ஜலம் உறையும்போது நூற்றுக்கு 9 பங்கு பருத்து, உள்ளிருந்தபடியே அவற்றைப் பிளந்துவிடும். நமது ஊரில் மார்கழிப் பனி மூக்கை அடைக்குமே தவிர மண்ணைப் பிளக்காது. நமக்குக் கையும் வெயிலுந்தான் துணை. இதை நமது முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு பலம் மண் கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு கைப்பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்திலே கூறியிருக்கிறார். இங்கிலாந்து தேசத்து ஜெத்ரோ டல் என்பவர், பயிர் வரிசைகளுக்கு நடுவே மண்ணைக் கிளறிக்கொண்டேயிருக்க வேண்டும் என்று புத்தகம் எழுதியது 1731ஆம் வருஷத்தில். வேர்கள் மண் தூளையே தின்கின்றன என்று அவர் கூறிய காரணம் தவறு; அவர் கூறிய காரியம் சரி.

மார்கழி மூன்றாம் வாரத்தில் பெரியவர் வந்தார். அவர் செய்த முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். செடியின் தூரிலிருந்து ஒரு சாண் வரையில் களைக்கொத்தால் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகவில்லை. ஏனெனில் உணவு தேடும் வேர்கள் மேலாகவே இருக்கும். அதற்கு அப்பால் நாலைந்து அங்குலம் கொத்தினார். தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, செடியைச் சுற்றிலும் கடப்பாறையால் ஆறு துளைகள் போட்டு, அடியிலிருந்த தகட்டை உடைத்து, துளைகளில் மக்கிய எருவும் பருமணலும் கலந்து நிரப்பினார். வெறும் துளையை அப்படியே விட்டால் அடுத்த மழையில் தூர்ந்துவிடும் என்றார். கொத்திய மண்ணைப் பத்து நாள் காயவிட்டு, பின்பு காய்ந்த இலைகளை மேலே பரப்பச் சொன்னார். அடுத்த மழைத்துளி மண்ணில் நேராக விழாமல் இலையில் விழுந்தால் தகடு கட்டாது.

மல்லிகை வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு கணக்கையும் சொல்லிவைக்கிறோம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்துச் செய்ய வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் யோசனை. குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடலாம். வெட்டின கையோடு கொத்திவிட்டுச் செடிக்குப் பத்து கிலோ தொழுவுரம் போட வேண்டும். நவம்பரில் மண் ஈரமாயிருந்தால் வெட்டுவதை மட்டும் முடித்துக்கொண்டு, கொத்துவதற்குப் பதம் வரும் வரையில் காத்திருக்கலாம். கோடையில் கூந்தலில் ஏறப்போகிற பூவின் தலைவிதி பனிக்காலத்தில்தான் எழுதப்படுகிறது.

புல்தரை வைத்திருக்கிறவர்களுக்கும் இதே உபதேசந்தான். நாம் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் கொடிக் கம்பத்தைச் சுற்றி அறுகம்புல் வளர்த்திருக்கிறோம். பிள்ளைகள் காலையில் வரிசையாக நிற்கிற இடத்தில் மட்டும் புல் செத்து, வரிசையின் படத்தைத் தரையிலே வரைந்தாற்போல் கிடக்கும். பல் நீண்ட முள்கரண்டி போன்ற தோட்டக் கருவியால் ஒரு சாணுக்கு இரண்டு குத்தாக நாலு அங்குல ஆழம் குத்தி, துளைகளில் மணலும் மக்கிய எருவும் தூவி வாரினால் புல் திரும்பவும் படரும். வரிசை நிற்கும் இடத்தையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். அறுகம்புல் குளிரில் சற்று உறங்கும் ஜாதி. ஆதலால் மார்கழியில் அவசரப்படாமல், தை பாதிக்கு மேல் வெயில் ஏறத் தொடங்கும்போது இதைச் செய்வது நலம்.

மேல்நாட்டார் இதற்கென்று ஆணி அடித்த செருப்புக்கூட விற்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு புல்லின் மேல் உலாவினால் போதுமாம்! நமது பக்கத்தில் ஆணிச் செருப்பு என்றால் அது முருகன் கோயில் வேண்டுதல். ஆணிகள் மேல் நோக்கியிருக்கும். குத்துவது பக்தனுடைய பாதத்தில். அவர்களுடைய செருப்பில் ஆணிகள் கீழ் நோக்கியிருக்கின்றன. ஆனால் மெல்லிய ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை. பக்கத்து மண்ணை நெருக்குகிறது. மேலே நிற்கிறவரின் பாரமோ மிச்சமிருக்கும் சந்துகளையும் அமுக்குகிறது. புண்ணியமாவது கிடைக்கும் நமது செருப்பே மேல் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது மண்வெட்டியும் கையுமாகத் தினம் கொல்லையைப் புரட்டிக்கொண்டிருந்தால் அதற்கு நாம் பொறுப்பாளியல்ல. ஓயாமல் புரட்டினால் மண்ணிலுள்ள மக்கு வெயிலில் தீய்ந்துபோகும், புழுக்களும் அழியும். அந்தப் புழுக்களே நமக்கு முந்தின தோட்டக்காரர்கள். சார்லஸ் டார்வின் தாம் காலமாவதற்கு முந்தின வருஷமாகிய 1881இல் மண்புழுக்களைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தில் பல இடங்களில் ஓர் ஏக்கருக்கு வருஷத்தில் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே போய்வருகிறது என்று அவர் கணக்கிட்டார். இறுகிப்போன நிலத்தை ஒரு முறை நாம் திறந்து கொடுத்து, மேலே இலையைப் பரப்பிவிட்டால், பிறகு கூலியில்லாமல் அவை வேலையைத் தொடர்ந்து செய்யும். 1905இல் பீகாரிலுள்ள பூசாவுக்கு வந்து விவசாய ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயரும் மண்ணுக்குள் காற்றோட்டத்தை வற்புறுத்தினார். பழமரங்களின் அடியில் புல் அடர்ந்ததும் மரங்கள் தளர்வதையும், பள்ளம் வெட்டி உடைந்த செங்கல்லை நிரப்பிக் காற்றுக்கு வழி செய்த இடத்தில் அவை அவ்வளவாகத் தளராததையும் அவர் கண்டார். அவர் இந்திய விவசாயிகளைத் தமது ஆசிரியர்கள் என்று சொல்லத் தயங்காதவர். கம்பியை ஊன்றிப் பார்த்த நமது பெரியவரை அவர் கண்டிருந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்.

சிமெண்டுத் தளத்தின் கதை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். நமது ராஜ்யத்தில் 2003இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் பல வீடுகளில், ஒரு மூலையில் சட்டத்துக்காக ஒரு குழியைத் தோண்டிவிட்டு, மற்ற மூன்று மூலைகளையும் சிமெண்டினால் மூடிவிட்டார்கள். இந்த வழக்கத்துக்கு நமது வீடும் உட்படுமோ என்ற கவலை நமக்கு இருந்தது. ஆனால் தாயார் மறுபடி விழக்கூடாது என்பதிலும் சந்தேகமில்லையே!

வழக்கைத் தீர்த்துவைத்தவர் பெரியவர்தான். "கல் போட்டு நடையைக் கட்டுங்கள் ஐயா. கால் கல்லில் இருந்தால் மண் மண்ணாக இருக்கும்" என்றார். பின்வாசலிலிருந்து துவைக்கும் கல் வரையிலும், அங்கிருந்து மல்லிகைப் பாத்தி வரையிலும் இரண்டடி அகலக் கருங்கற் பலகைகளை, வழுக்காதபடி கொத்திய முகம் மேலே தெரியப் பதித்தோம். இடைவெளிகளில் சிமெண்டு பூசாமல் மணலை நிரப்பினோம். தமையனார் சொன்னபடியே செலவை ஏற்றுக்கொண்டார். பலகைகள் ஆடுகின்றனவா என்று ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று பரீட்சையும் செய்தார். தாயாரின் காலைக் காப்பாற்றுகிற கல்லே, பாத்தியை மிதிபடாமலும் காப்பாற்றிவிட்டது. இரண்டில் எது பெரிது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று.

நாலு செடிகளில் இரண்டு பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் மாசியில் துளிர்த்தன. பங்குனிக் கிருத்திகைக்குச் சரத்தில் அவற்றின் பூவும் இருந்தது. பட்டுப்போன இரண்டின் இடத்திலும் புதுப் பதியன்கள் இருக்கின்றன.

மழை நின்று தரையிலே தகடு கட்டத் தொடங்கியிருக்கும் இந்த நாட்களில், வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். குடை உடைந்துபோயிருந்தால் அதன் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப் புறம் போய், நாலு இடங்களில் ஊன்றிப் பாருங்கள். ஒரு முழம் இறங்கினால் சந்தோஷம். நாலு விரற்கடையோடு நின்றால், தண்ணீர்க் குடத்தையும் எருக் கூடையையும் கீழே வைத்துவிட்டு, பதம் பார்த்துக் களைக்கொத்தை எடுங்கள்.